வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லை, காரணம் மட்டும் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ என்னவோ சரியில்லை. டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று வருகிறது, ஆனால் ஆள் நார்மலாக இல்லை. இந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, குடும்பத்துப் பெரியவர்களுக்குத் துணையாகப் பல வருடங்கள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. ஆனால் அதற்கு அவருக்குத் தேவைப்படும் முக்கியமான விவரம், அதாவது என்ன மாறியது, எப்போதிலிருந்து மாறியது என்பது பெரும்பாலும் கூட இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. அதை எப்படித் திரட்டுவது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஏற்றுக்கொள்வதா?

வயது மெதுவாக வேலை செய்யும். நடை கொஞ்சம் தளரும், தூக்கம் குறையும், தெரிந்தவரின் பெயர் நினைவுக்கு வர நேரமாகும். இதெல்லாம் வருடக்கணக்கில் நடக்கிற விஷயம். போன மாதம் மாடிப்படி ஏறியவர் இந்த மாதம் நாற்காலியிலிருந்து எழவே கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், ஒரு மாதத்து வயது அதைச் செய்திருக்க முடியாது. அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

அதனால் டாக்டரிடம் "ரொம்ப டயர்டா இருக்காங்க" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு "வயசாச்சு" என்ற பதில் வருவது சுலபம். "மூன்று மாதம் முன்பு வரை தானே குளித்தார், கடைக்குப் போய் வந்தார். இப்போது குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் குளிக்கிறார், பாதியில் மூச்சு வாங்குகிறது. இந்த மூன்று மாதத்தில் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். அப்போது வயதைக் காரணம் காட்டி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் ஆள் சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது. இது என் பிரமையா?

பிரமை இல்லை. வயதானவர்களுக்குப் பல நோய்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி வருவதில்லை. நிமோனியா இருமலே இல்லாமல் வரும்; சாப்பாடு வேண்டாம் என்பதும் நாள் முழுக்கத் தூங்குவதும் மட்டும்தான் அறிகுறியாக இருக்கும். மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமல் மூச்சு வாங்குதல், வியர்வை, வாந்தி, திடீர் அசதி என்று வரும், அதிலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி நடப்பது அதிகம். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இளவயதினருக்குப் படபடப்பும் நடுக்கமும் இருக்கும், முதியவரோ எதிலும் ஆர்வமில்லாமல் ஓரமாக உட்கார்ந்து எடை குறைந்துகொண்டே போவார். தைராய்டு குறைந்தால் அசதி, மலச்சிக்கல், மறதி, குளிர் தாங்காமை. இதில் எதைப் பார்த்தாலும் 'வயசு' மாதிரியேதான் தெரியும்.

காய்ச்சலுக்கும் தனிக் கணக்கு உண்டு. முதியவர்களின் உடல் வெப்பநிலை சாதாரணமாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் வாயில் வைத்துப் பார்க்கும்போது 37.8 டிகிரி செல்சியஸுக்கு (100 ஃபாரன்ஹீட்) மேல் போனாலோ, அவரது வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி (2 ஃபாரன்ஹீட்) கூடினாலோ அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமான அளவு எது என்று தெரிய, அவர் நன்றாக இருக்கும் நாட்களில் சில தடவை பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. செய்து வையுங்கள்.

பெர்னார்ட் ஐசக்ஸ் என்ற பிரிட்டிஷ் முதியோர் மருத்துவர், முதுமையின் 'ராட்சதர்கள்' என்று நான்கைச் சொன்னார்: நடமாட்டம் ஒடுங்குவது, விழுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, புத்தி தடுமாறுவது. உள்ளே இருப்பது நுரையீரல் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, மருந்தின் விளைவோ எதுவானாலும் வெளியே இந்த நான்கில் ஒன்றாகத்தான் அடிக்கடி தெரியும். இவற்றில் ஒன்று புதிதாக வந்தால் அதையே ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம்.

நேற்றிலிருந்து குழம்பிப் பேசுகிறார். மறதி நோய் வந்துவிட்டதா?

மறதி நோய் ஒரே நாளில் வருவதில்லை, அது மாதங்கள் வருடங்கள் எடுக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்த குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். காலையில் தெளிவாக இருப்பார், சாயந்திரம் யார் என்றே தெரியாமல் பேசுவார், ராத்திரி இல்லாத ஆட்களைப் பார்ப்பார். பின்னால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும்: தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, உடம்பில் நீர் வற்றுவது, புது மருந்து, சிறுநீர் அடைப்பு, சில சமயம் கடுமையான மலச்சிக்கல்கூட.

எல்லோரும் தவறவிடுவது அமைதியான டெலிரியத்தை. கத்தாமல் எழுந்து ஓடாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். "இவர் வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறாரா?" என்று உறவினரிடம் கேட்கும் ஒற்றைக் கேள்வியையே டாக்டர்கள் ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்துகிறார்கள், உங்கள் பதிலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆகவே டியூட்டி டாக்டர் "வீட்டில் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "இல்லை. முந்தாநாள் வரை பேப்பர் படித்து, கணக்குப் பார்த்து, போன் பேசிக்கொண்டிருந்தார்."

ஏற்கெனவே மறதி நோய் இருப்பவருக்கும் டெலிரியம் வரும், சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் எளிதாக வரும். 'இருக்கிற நோய்தான் கூடிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது.

எதற்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, எனவே கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். புதிதாக மூச்சுத் திணறல், மயங்கி விழுவது, கறுப்பாகப் பிசுபிசுப்பாக மலம் போவது, மேலே சொன்ன திடீர்க் குழப்பம், இவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியோடு மெல்லும்போது தாடை வலி, தலை சீவும்போது உச்சந்தலை வலி, பார்வை மங்கி மங்கித் தெளிவது இருந்தால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கண் பார்வையே போய்விடும், உடனே ஸ்டீராய்டு தொடங்கினால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இரண்டு, லேசாகத் தலை இடித்து, அதையே எல்லோரும் மறந்துபோய், சில வாரம் கழித்து மந்தமோ தலைவலியோ நடைத் தடுமாற்றமோ வருவது. மூளைக்கு மேல் மெல்ல ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். "சமீபத்தில் எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா?" என்று நீங்களாகவே கேட்டுப் பாருங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

டாக்டரிடம் போகும் முன் என்ன தயார் செய்வது?

ஒரு பக்கம். ஒரே பக்கம்தான். தடிமனான ஃபைலைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை, ஒரு பக்கத்தை எந்த டாக்டரும் படிப்பார். மேலே பெயர், வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், ஆகாத மருந்துகள். அதன்கீழ் இப்போதைய பிரச்சினை இரண்டு வரியில். அதற்குக் கீழே தேதியோடு நடந்தவை. இப்படி:

"ஜனவரி கடைசி: பிபி மாத்திரை மாற்றினார்கள். பிப்ரவரி 2ஆம் வாரம்: காலையில் எழுந்ததும் தலைசுற்றல், உட்கார்ந்தால் சரியாகிறது. மார்ச் 5: கழிவறை வாசலில் விழுந்தார், அடி இல்லை. மார்ச் முழுக்க: பசி குறைவு, எடை 61லிருந்து 57. ஏப்ரல்: படுத்தே இருக்கிறார், மாலையில் கொஞ்சம் தேவலை."

இதைப் படிக்கும் டாக்டருக்கு மாத்திரை மாறியதும் தலைசுற்றல் தொடங்கியதும் அடுத்தடுத்து நடந்தது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நேரில் கேட்டால் அம்மா "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்பார், அப்பா "ஒரு வாரமாத்தான்" என்பார், இரண்டையும் வைத்து டாக்டரால் எதுவும் செய்ய முடியாது.

எடையைக் கட்டாயம் எழுதுங்கள். முயற்சி செய்யாமலேயே 6 முதல் 12 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது பொது விதி, 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோ. புடவைக்கு உள்ளே, தொளதொளச் சட்டைக்கு உள்ளே அது தெரியவே தெரியாது.

வந்து வந்து போகும் அறிகுறியாக இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். கை நடுங்குவது, நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்வது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, சில நொடி வெறித்துப் பார்ப்பது. டாக்டர் அறைக்குள் போன நிமிடத்தில் இதெல்லாம் காணாமல் போய்விடும். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

மாத்திரைகளாலேயே இருக்குமா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் எல்லா ஸ்கேனும் முடிந்த பிறகு கேட்கிறோம்.

என் அத்தைக்கு ஓயாத தலைசுற்றல். காது பார்த்தார்கள், கழுத்து எலும்பு பார்த்தார்கள், மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். கடைசியில் ஒரு வயதான பொது மருத்துவர் "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அப்படியே அள்ளிக்கொண்டு வாங்க" என்றார். துணிப்பையை அவர் மேசையில் கவிழ்த்தோம். ஒவ்வொரு அட்டையாக நகர்த்திக்கொண்டே வந்தவர் இரண்டை மட்டும் தனியே எடுத்து, பின்பக்கம் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். முன்னால் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். பின்னால் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்ற ஒரே பிபி மருந்து. ஒன்று இதய டாக்டர் எழுதியது, இன்னொன்று வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனபோது எழுதிக் கொடுத்தது. அத்தை இரண்டையும் ஒழுங்காக, ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படுக்க வைத்துப் பிபி பார்த்து, நிற்க வைத்துப் பார்த்தபோது சரசரவென்று இறங்கியது.

எனவே சீட்டைக் கொண்டுபோவது போதாது, மாத்திரையையே கொண்டுபோங்கள். கண் சொட்டு, வலிக்கு வாங்கும் மாத்திரை, தூக்கத்துக்கு, சளிக்கு, மூலிகை மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாம்.

டாக்டரிடம் கேட்கத் தோதாகச் சில உதாரணங்கள் சொல்கிறேன். எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிபி மருந்துகளால் வறட்டு இருமல் வரும், நுரையீரலில் ஒன்றும் இருக்காது. நீர் பிரியும் மாத்திரைகளாலும் சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் சோடியம் குறைந்து குழப்பமும் விழுதலும் வரலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதனால் கால் மரத்துப்போனாலும் அதைச் சர்க்கரை நோயின் கணக்கில் எழுதிவிடுவார்கள். தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் சின்னரிசின், ஃப்ளுனரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் கொடுக்கும். சளி, அரிப்புக்கான பழைய வகை மாத்திரைகளும், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலினும் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் என்று வரிசையாகக் கொண்டுவரும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை முதியவர்களுக்குச் சர்க்கரையை நீண்ட நேரம் தாழ்த்தி வைக்கும், அது விடிகாலையில் உளறலாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல், மருந்தின் விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து எழுதுவது. அம்லோடிபினால் கால் வீங்குகிறது, வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் இரவில் நாலு தடவை எழுந்து கழிவறை, இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. இந்தச் சங்கிலியைப் பற்றி பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களிலேயே எழுதிவிட்டார்கள். முதியவர்களுக்கு எந்தெந்த மருந்தை யோசித்துக் கொடுக்க வேண்டும் என்று மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991ல் ஒரு பட்டியல் வெளியிட்டார், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023லும் புதுப்பித்திருக்கிறது. "டாக்டர், பியர்ஸ் பட்டியலில் இருக்கிற மருந்து ஏதாவது இதில் இருக்கிறதா?" என்று கேட்கலாம், தப்பே இல்லை.

ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சில பிபி மருந்துகள், ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றைச் சட்டென்று நிறுத்துவது சாப்பிடுவதைவிட ஆபத்து.

தலைசுற்றுகிறது என்கிறார். வீட்டிலேயே பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. 5 நிமிடம் படுக்க வைத்துப் பிபி பாருங்கள். எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில் ஒரு முறை, 3 நிமிடத்தில் ஒரு முறை. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், விழுந்துவிடப் போகிறார். உட்கார வைத்து மட்டும் பார்க்கும் பிபியில் இது தெரியாது.

அத்தோடு 'தலைசுற்றல்' என்றால் எது என்றும் கேட்டு வையுங்கள். வீடே சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடக்கும்போது மட்டும் தள்ளாடுகிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

வீட்டில் அவ்வளவு புலம்புகிறார், டாக்டர் முன்னால் "நல்லா இருக்கேன்" என்கிறார்!

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பயம் இருக்கும், டாக்டர் மேல் மரியாதை இருக்கும், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நினைப்பும் இருக்கும். அங்கேயே "பொய் சொல்றீங்கப்பா" என்று குறுக்கே விழுந்தால் அவர் இன்னும் இறுகிவிடுவார். முதல் நாள் ராத்திரியே சாவகாசமாக உட்கார்ந்து "நாளைக்கு இந்த மூணு விஷயம் சொல்லலாமாப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பேசட்டும். விட்டுப்போனதை "அப்பா, அந்த விழுந்த விஷயம்..." என்று எடுத்துக் கொடுத்தால் போதும்.

சிறுநீர் கசிவது, மலம் அடக்க முடியாதது, மனசு சரியில்லாதது இதையெல்லாம் மகன் முன்னாலோ மருமகள் முன்னாலோ சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். டாக்டர் உங்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால் "அம்மாவிடமே கேளுங்க டாக்டர், நல்லா சொல்லுவாங்க" என்று திருப்பிவிடுங்கள். காது சரியாகக் கேட்காதவர் தலையை ஆட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதையும் கவனியுங்கள்.

டாக்டர் ஐந்து நிமிடம்கூடத் தருவதில்லை. அதற்குள் என்ன சொல்வது?

அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இருவர் 1984ல் டாக்டர் அறையில் நடந்த பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். 2018ல் வந்த இன்னொரு ஆய்வில் அது 11 வினாடி. ஆகவே முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "ஆறு வாரமாக நடக்க முடியவில்லை, அதற்கு முன் நன்றாக நடந்தார்." மூட்டு வலி, பழைய ஆபரேஷன், பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் சளி பிடித்தது, எல்லாம் அப்புறம்.

கிளம்பும் முன் மூன்று கேள்வி. "உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று தோன்றுகிறது?" "வேறு என்னவாக இருக்கலாம்?" "என்ன ஆனால் நாங்கள் திரும்ப வர வேண்டும், எத்தனை நாளில்?" இரண்டாவது கேள்விக்கு நல்ல பலன் உண்டு. முதலில் தோன்றியதிலேயே மனம் நின்றுவிடுவது எந்த டாக்டருக்கும் நடக்கும், மரியாதையாகக் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவரை இன்னொரு தடவை யோசிக்க வைக்கும்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். இன்னும் பெரிய டெஸ்ட் எடுக்கலாமா?

முதலில் எந்த டெஸ்ட் எடுத்தார்கள் என்று பாருங்கள். 'எல்லாம்' என்பதில் பல நேரம் சோடியம், கால்சியம், தைராய்டு, பி12, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி இருக்காது. அசதிக்கும் குழப்பத்துக்கும் காரணம் தேட இவை அடிப்படையானவை, பெரிய ஸ்கேனுக்கு முன்பே எடுக்க வேண்டியவை.

அடுத்து, நார்மல் என்பது யாருக்கு நார்மல்? ஹீமோகுளோபின் 14 இருந்தவருக்கு 12.1 வந்தால் பேப்பரில் தடித்த எழுத்தில் வராமல் போகலாம், ஆனால் அவருக்கு அது இறக்கம்தான். தசை வற்றிய முதியவருக்குச் சிறுநீரகத்தை அளக்கும் கிரியேட்டினின் டெஸ்ட் சரியாகத் தெரியும், சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பி12 குறைவு ரத்தசோகை இல்லாமலேயே நரம்பைக் கெடுக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்தால் இதெல்லாம் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. 'நார்மல் அளவு' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால் முழு ஆரோக்கியமானவருக்கே ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வர சுமார் 64 சதவீதம் வாய்ப்பு. 'ஃபுல் பாடி' பேக்கேஜ் எடுத்துவிட்டுச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் கட்டியைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் அலைவது இப்படித்தான் நடக்கிறது. சிறுநீரிலும் இதே கதை: எந்தத் தொல்லையும் தராமல் கிருமி இருப்பது முதியவர்களுக்குச் சகஜம், அதைப் பிடித்துக்கொண்டு "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான் காரணம்" என்று தேடலை நிறுத்திவிடக் கூடாது. எந்த டெஸ்ட்டுக்கும் முன் கேளுங்கள்: "இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?"

டெஸ்ட்டே தேவைப்படாத காரணங்களும் உண்டு. காதில் அடைத்த அழுக்கு, பொருந்தாத பல்செட், கண்புரை, தளர்ந்த செருப்பு. பல்செட் ஈறில் குத்துவதால் சாப்பாட்டைத் தள்ளுபவருக்கு வயிற்றில் எண்டோஸ்கோப்பி என்ன சொல்லப் போகிறது? வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

"ஒன்றும் இல்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வருவதைவிட உடம்பு வலியாக, பசியின்மையாக, மறதியாக, தூக்கமின்மையாக வருவது அதிகம், அதுவும் நிஜமான நோய், குணப்படுத்தக்கூடியது. எனவே அந்தப் பதிலைக் கேட்டதும் கோபப்பட வேண்டாம். ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கான கேள்விகளைக் கேட்டு முடிவு செய்தாரா, அல்லது மற்றவை நார்மல் என்பதால் மட்டும் சொன்னாரா? இரண்டாவது என்றால் அது பதில் ஆகாது. துணையை இழந்தது, வீடு மாறியது, பேச ஆளில்லாமல் இருப்பது இவை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

ஐந்து ஸ்பெஷலிஸ்ட் பார்த்தாச்சு. ஒவ்வொருவரும் "என் பக்கம் ஒன்றும் இல்லை" என்கிறார்கள்.

ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், முழு ஆளை யாரும் பார்க்கவில்லை. ஒரு உதாரணம். பெரியப்பா கால் பூமியில் ஒட்டின மாதிரி நடக்கிறார்: எலும்பு டாக்டரிடம் போகிறீர்கள். சிறுநீர் அடக்க முடியவில்லை: யூராலஜிஸ்ட். மறதி: மனநல டாக்டர். மூன்றையும் ஒரே ஆள் ஒன்றாகக் கேட்டால், மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு நோய் நினைவுக்கு வரும். 1965ல் சாலமோன் ஹக்கிமும் ரேமண்ட் ஆடம்ஸும் விவரித்த இந்த நோய்க்கு, நீரை வடிக்கும் குழாய் வைத்தால் சிலருக்கு நடை நன்றாகவே திரும்புகிறது. மூன்று அறையில் தனித்தனியாகச் சொன்னால் மூன்று மாத்திரைதான் கிடைக்கும்.

அதனால் ஒரு டாக்டரைத் தலைமையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பொது மருத்துவர் அல்லது முதியோர் மருத்துவர். எல்லா ரிப்போர்ட்டும் அவரிடம் போகட்டும், யார் எழுதிய புது மருந்தும் அவருக்குத் தெரிந்து தொடங்கட்டும். முதியோர் மருத்துவர் கிடைத்தால் நடை, நினைவு, மருந்து, சத்து, மனநிலை, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டுபோகாமல் ஸ்கேன் படங்களின் சிடியையும், பயாப்சி எடுத்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது டாக்டர் படத்தைத் தானே பார்த்தால்தான் அது இரண்டாவது கருத்து.

நான் வெளியூரில் இருக்கிறேன். போனில் எல்லாம் "நல்லா இருக்கோம்" என்கிறார்கள்.

குரலை நம்ப வேண்டாம், வீடியோவில் எழுந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். எழும்போது கையை ஊன்றுகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா, முகம் ஒடுங்கியிருக்கிறதா? மாத்திரை அட்டைகளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் ஸ்பீக்கரில் நீங்களும் இருக்கலாமா என்று முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அண்ணன் தம்பி அக்கா எல்லோரும் தனித்தனியாக டாக்டருக்குப் போன் செய்வதை நிறுத்தி, ஒருவர் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் குறையும்.

அப்பா எந்த டெஸ்ட்டுமே வேண்டாம் என்கிறார். கட்டாயப்படுத்தலாமா?

அவர் தெளிவாக யோசித்துச் சொன்னால், இல்லை. உடம்பு அவருடையது. ஆனால் எதற்காக வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். எம்ஆர்ஐ குழாய்க்குள் போகப் பயமா, கேன்சர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கிலியா, போன தடவை ஆஸ்பத்திரியில் பட்ட அவதியா? காரணம் தெரிந்தால் பல நேரம் வழி கிடைக்கும். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் சம்மதிப்பார், அதிலேயே விடை வந்தாலும் வரும். திடீர்க் குழப்பத்தில் இருப்பவர் "வேண்டாம்" என்பது வேறு, அங்கே டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

இணையத்தில் தேடிப் பார்க்கலாமா?

கேள்வி தயார் செய்ய, தாராளமாக. நோயை முடிவு செய்ய வேண்டாம். ஒரு அறிகுறியை மட்டும் போட்டால் எல்லாத் தேடலும் கேன்சரில்தான் போய் முடியும்.

இவ்வளவும் செய்தும் காரணம் தெரியவில்லை என்றால்?

அப்படியும் ஆகும். சில நோய்கள் தங்களைக் காட்டிக்கொள்ளவே நேரம் எடுக்கும். பார்க்கின்சன் நோயில் வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடுவது உண்டு. அந்த நேரத்தில் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: எதெல்லாம் இல்லை என்று உறுதியாகிவிட்டது, எது இன்னும் பாக்கி, அடுத்து எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, அதற்குள் என்ன நடந்தால் உடனே வருவது. தேதி இல்லாமல் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள்.

காரணம் தெரியும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். வலிக்கு, தூக்கத்துக்கு, விழாமல் இருக்கச் செய்ய முடிந்ததைச் செய்யலாம். பிசியோதெரபி இப்போதே தொடங்கலாம், ஏனென்றால் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் தசை கரைகிறது, காரணம் தெரிந்த பிறகு எழுப்பி நடக்க வைப்பது அவ்வளவுக்கு அவ்வளவு கஷ்டமாகிவிடும். எடை வாரம் ஒரு முறை, பிபி படுத்தும் நின்றும், அந்த ஒரு பக்கத் தாளில் தேதியோடு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் உட்கார்ந்ததும் முதலில் அந்தத் தாளை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, பிறகு பெரியவரைப் பேச விடுங்கள்.